பஸ் முதலாளி எம்.எல்.ஏ. ஆனால்? பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் 15 வருஷம்

வரப்புமேடு:
அருட்செல்வர் நா. மகாலிங்கம்னாலே சக்தி சுகர்ஸ், குமரகுரு கல்லூரி, வள்ளலார் விழான்னு பேச்சு போயிடுது. 1952, 57, 62 மூணு தேர்தல்லயும் பொள்ளாச்சியில ஜெயிச்ச காங்கிரஸ் எம்.எல்.ஏ.ங்கறது பலருக்கு நினைவில்லை. கிண்டியில இன்ஜினியரிங் படிச்சவர். அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கின ஏ.பி.டி. பஸ் கம்பெனி கையில இருந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் உருவானதும் அந்தப் பதினஞ்சு வருஷத்துலதான். தொழில் தெரிஞ்சவங்க சட்டசபைக்கு வரணும்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

பர்மிட்_கணக்கு:
சாட்சி சரி, பஸ்ஸை விட்டுட்டீங்களே. பஸ் ஓட்டுறது பெட்டிக்கடை வைக்கிற மாதிரி இல்ல. 1939 மோட்டார் வாகனச் சட்டப்படி வழித்தடத்துக்கு ஒரு பர்மிட். கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். ஒரே ரூட்டுக்குப் பல பேர் மனு போட்டா யாருக்கு? சென்னை மாகாணத்துக்குன்னே அந்தச் சட்டத்துல சேர்த்த 43-ஏ பிரிவை வெச்சு 1956ல அரசு 1298ஆம் எண் அரசாணை போட்டது. தலைப்புத் தலைப்பா மார்க் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கணும். பர்மிட் விசாரணை நீதிமன்ற விசாரணை மாதிரி, அதுக்குள்ள அரசு நிர்வாக உத்தரவு போட முடியாதுன்னு 1964ல உச்ச நீதிமன்றம் அதை அடிச்சுப்போட்டது. ஆக எட்டு வருஷம் மார்க் விதியை வெச்சிருந்தது ஆளுங்கட்சி. அதே கட்சி எம்.எல்.ஏ. பஸ் முதலாளி. அவர் தப்பு செஞ்சார்னு சொல்லலை, அதுக்கு ஆதாரமும் இல்லை. அந்த இடமே வழுக்கும்ங்கறேன்.

வரப்புமேடு:
அப்ப சட்டம் தடுத்திருக்கணுமே?

ஷரத்து:
தடுக்காது. இன்னைக்கும் தடுக்காது. அரசோட ஒப்பந்தம் வெச்சிருக்கிறவங்களை எம்.எல்.ஏ. பதவிக்குத் தகுதியில்லைன்னு சொல்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9-ஏ பிரிவு பார்க்கிறது ஒண்ணைத்தான்: அரசுக்குச் சரக்கு சப்ளை, அல்லது அரசு வேலையைச் செஞ்சு கொடுக்கிற ஒப்பந்தம். அதுவும் தன் தொழில்ல *அவரே* போட்டு, நடப்புல இருக்கணும். கம்பெனி பேர்ல இருந்தா டைரக்டர் தப்பிச்சுடுவார். வேலை முடிஞ்சு பில் பாஸாகாம கிடந்தாலும் ஒப்பந்தம் நடப்புல இருக்கறதா கணக்கில்லை. பர்மிட், லைசென்ஸ் எல்லாம் இதுக்குள்ள வரவே வராது. சுரங்கக் குத்தகைகூட சப்ளை ஒப்பந்தம் ஆகாதுன்னு தீர்ப்பு இருக்கு. 1952ல சொத்துக் கணக்குப் பிரமாணப் பத்திரமும் கிடையாது, அது 2002 தீர்ப்புக்கு அப்புறம் வந்த பழக்கம்.

பர்மிட்_கணக்கு:
அதேதான். ஓட்டை அவர்கிட்ட இல்ல, சட்டத்துல. சரி, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தை (பி.ஏ.பி.) ஒருத்தர் கணக்குல எழுதுறது நியாயமா? அந்தத் திட்டத்துக்குப் பாடுபட்ட வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர் எங்கே? அப்ப மந்திரியா இருந்த சி. சுப்பிரமணியம், முதலமைச்சர் காமராஜர் எங்கே?

வரப்புமேடு:
யாரையும் விடலைங்க. ஆனா அந்தத் திட்டம் எவ்வளவு சிக்கல்னு பாருங்க. மேற்கே கேரளாவுக்கு ஓடுற தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பணும். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, அங்கிருந்து குகைவழியா சர்க்கார்பதி மின்நிலையம், அப்புறம் காண்டூர் கால்வாய்ல வந்து திருமூர்த்தி அணை. பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகள் கேரள மண்ணுல. 1958லயே பேச்சு முடிஞ்சும் கேரளாவோட ஒப்பந்தக் கையெழுத்து 1970லதான். முன்தேதியிட்டு 1958 நவம்பர்லருந்து அமல். கையெழுத்துக்கு முன்னாடியே வேலை தொடங்கியாச்சு. இன்ஜினியர்கிட்ட வரைபடத்தை விரிச்சுப் பேசத் தெரிஞ்ச எம்.எல்.ஏ. அப்ப எத்தனை பேர்?

பர்மிட்_கணக்கு:
பேசத் தெரிஞ்சவர், ஒத்துக்கறேன். ஆனா கடைமடை ஆளைக் கேளுங்க. 3.77 லட்சம் ஏக்கரை நாலு மண்டலமாப் பிரிச்சு, ஒரு மண்டலத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தண்ணி. திட்டத்துல மிச்சமிருக்கற ஆனைமலையாறு, நல்லாறு அணைகள் இன்னும் காகிதத்துலதான் இருக்கு.

ஷரத்து:
அது அவருக்குப் பின்னாடி ஆயக்கட்டை, அதாவது பாசனப் பரப்பை, நீட்டினதால வந்த நெருக்கடி. 1967க்கு முன்னாடி எம்.எல்.ஏ.வா இருந்தவர் தலையில கட்டாதீங்க. சர்க்கரைப் பக்கம் வந்தா உங்க வாதத்துக்குப் பலம் இருக்கு. சக்தி சுகர்ஸ் பதிவானது 1961, அவர் பதவியில இருக்கும்போது. ஆலை லைசென்ஸ் டெல்லி கொடுக்கறது. ஆனா கரும்பு எந்த ஊர்லருந்து எந்த ஆலைக்குன்னு எல்லை பிரிக்கறதுல மாநில அரசுக்குக் கை உண்டு. எல்லைக்குள்ள இருக்கற விவசாயி வேற ஆலைக்கு வண்டி திருப்ப முடியாது.

வரப்புமேடு:
அரசாங்கம் அவருக்குச் சாதகமாவே இருந்துச்சுன்னா 1972ல ஏ.பி.டி. பஸ்ஸை நாட்டுடைமை ஆக்கி சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கினது யாரு?

பர்மிட்_கணக்கு:
அது 1967ல ஆட்சி மாறினதுக்கு அப்புறம்ங்க. ஒரு ஆட்சியில பர்மிட், இன்னொரு ஆட்சியில பறிமுதல். நான் முதல் பதிவுலருந்து சொல்றது அதைத்தானே.