அம்மாவோட கேன்சர் மாத்திரை: வாட்ஸ்அப்ல கம்மி விலைக்கு வாங்கலாமுங்களா?

மஞ்சக்காட்டுக்காரன், ஈரோடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கம்மாவுக்கு 61 வயசு, பீடி சிகரெட் பழக்கமெல்லாம் கிடையாது, இருமல் நிக்கலைன்னு கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனா நுரையீரல் கேன்சர், நாலாவது ஸ்டேஜ்னுட்டாங்க. பயாப்ஸில ஈஜிஎஃப்ஆர் மாற்றம், அதாவது கேன்சர் செல்லோட மரபணுவுல ஒரு மாற்றம் இருக்குதாம், அதனால ஓசிமெர்டினிப் 80 எம்ஜி தினம் ஒண்ணுன்னு டாக்டர் எழுதிக்குடுத்தாரு. விலையக் கேட்டதும் எங்கப்பா வாயே தொறக்கலீங்க, மாசம் லட்சத்துக்கு மேல ஆகுது, மஞ்சள் வித்த காசு பூராத்தையும் வெச்சாலும் எத்தன நாளைக்கு ஓட்டறது.

சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப் நம்பர் குடுத்திருக்காரு. பங்களாதேஷ்ல செஞ்ச அதே மருந்து, டப்பா சில ஆயிரந்தான், ஜிபேல பணம் போட்டா கூரியர்ல வந்துருங்கறாங்க, ஆனா பில்லு கிடையாதாம். வாங்கலாமுங்களா, இல்ல வேற வழி இருக்குதுங்களா? அம்மாவுக்கு விலை தெரியாது, தெரிஞ்சா மாத்திரையே வேண்டாம்னுருவாங்க.

கடைவீதி மெடிக்கல்ஸ்:
தம்பி, அந்த நம்பருக்குப் பணம் போட்றாதீங்க. பங்களாதேஷ்ல இத ஜெனரிக்கா செய்யறது நெசந்தான், ஆனா இங்க லைசென்ஸ் இல்லாம கூரியர்ல வர்றது கள்ளச்சரக்கு, உங்க கைக்கு வர்றது அந்தக் கம்பெனி டப்பாதானான்னு யாரு சொல்றது? மாத்திரை போலியா இருந்தா அம்மாவுக்கு உடனே ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுக்கறப்ப கட்டி வளந்திருக்கும், டாக்டரும் மருந்து கேக்கலைன்னு நெனச்சு நல்ல மருந்தையே நிறுத்திட்டு வேற வைத்தியத்துக்கு மாத்திருவாரு. எனக்கு அதுதான் பயம்.

2024 மார்ச்ல டெல்லி போலீஸ் ஒரு கும்பலப் புடிச்சாங்க, விலை ஒசந்த கேன்சர் ஊசியோட காலி குப்பிய வாங்கி உள்ள பூஞ்சைக்காளான் மருந்த ரொப்பி வித்திருக்காங்க. ஊசி போட்டுக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா, போட்டு முடிச்சதும் உங்க கண்ணு முன்னாடியே லேபிளக் கிழிக்கச் சொல்லுங்க.

வாங்குனா பில்லோட வாங்கோணும். பில்லுல இருக்கற பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, டப்பாவுலயும் ஸ்ட்ரிப்புலயும் அதே இருக்கோணும். 2024 ஜூலை பட்ஜெட்ல இந்த மருந்துக்கு சுங்கவரிய எடுத்துட்டாங்க, அப்பறம் ஜிஎஸ்டியும் 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு, அதனால பழைய விலையச் சொன்னா கேள்வி கேளுங்க. எம்ஆர்பிக்கே வாங்கோணும்னும் இல்ல, கேன்சர் மருந்து ஸ்டாக்கிஸ்ட்டுக கிட்ட ரெண்டு மூணு எடத்துல விசாரிச்சா கொறைப்பாங்க.

பொள்ளாச்சி அக்கா:
கண்ணு, எங்க வீட்டுக்காரரும் கேன்சர் மாத்திரைதான் சாப்படறாரு, அந்த பயம் எனக்குத் தெரியும். ஒரிஜினல் கம்பெனிகள்ல நெறையா பேரு நோயாளிக்கு உதவித் திட்டம் வெச்சிருக்காங்க, இத்தன மாசம் காசு குடுத்து வாங்குனா மிச்சத்துக்கு இலவசம்ங்கற மாதிரி. ஓபி கூட்டத்துல டாக்டரா எடுத்துச் சொல்ல மாட்டாரு, நாமதான் வாய்விட்டுக் கேக்கோணும். அவரு கையெழுத்துப் போட்ட பாரம், பயாப்ஸி ரிப்போர்ட்டு, அந்த மாற்றம் டெஸ்ட்டு ரிப்போர்ட்டு, ஆதார் எல்லாம் கேப்பாங்க. காலி ஸ்ட்ரிப்ப எறிஞ்சறாதீங்க சாமி, அடுத்த டப்பா தர்றப்ப அத எண்ணி வாங்கிக்குவாங்க. நான் சமையக்கட்டுல ஒரு முறுக்கு டப்பா வெச்சிருக்கேன், ஸ்ட்ரிப்பு, பில்லு, டப்பா அட்டை எல்லாம் அதுக்குள்ளதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதா? குடும்ப வருமானம் வருசம் 1,20,000க்குள்ள இருந்தா விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல எடுத்துக்கலாம், வருசம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு அதுல கழியும். இந்த மாத்திரை பட்டியல்ல இருக்குதான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க, இல்லாட்டியும் மத்த வைத்தியச் செலவு அதுல கழிஞ்சா அந்தக் காசு மாத்திரைக்கு ஆகும்.

திருப்பூர் நர்ஸ்:
காசு பிரச்சனைய டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லிருங்க, இதுல கூச்சம் வேண்டாம். இதே மாற்றத்துக்கு கெஃபிடினிப், எர்லோடினிப்னு முந்தின மாத்திரைக இருக்குது, நம்ம நாட்டுக் கம்பெனிகளே செய்யறாங்க, விலை ரொம்பக் கம்மி. பெரிய ஆராய்ச்சி ஒண்ணுல ஓசிமெர்டினிப் எடுத்தவங்கள்ல பாதிப்பேருக்கு வியாதி வளராம 18.9 மாசம் தாண்டுச்சு, பழைய மாத்திரைல அது 10.2 மாசம். மூளைக்குப் பரவுனாலும் புதுசு நல்லா கேக்குது. அதனாலதான் அத எழுதறாங்க. ஆனா புதுச ஆரம்பிச்சுட்டு காசில்லாம நடுவுல நிக்கறதவிட, எது கடைசி வரைக்கும் தாக்குப்புடிக்கும்னு டாக்டர் கூட ஒக்காந்து பேசுங்க. மாற்றம் எந்த வகைங்கறதையும் பாத்துத்தான் மாத்துவாங்க, நீங்களா கடைல மாத்தி வாங்கிறாதீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்து இழுக்கறதும் கூடவே கூடாதுங்க. நாட்டு மருந்து ஏதாச்சும் சேத்துக் குடுக்கறதா இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிருங்க, சிலது இந்த மாத்திரையோட வேலையக் கெடுத்துரும்.

மஞ்சக்காட்டுக்காரன், ஈரோடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அந்த நம்பர அழிச்சுட்டேன். திங்கக்கெழமை டாக்டரப் பாக்கறோம், உதவித் திட்டத்தையும் பழைய மாத்திரையப் பத்தியும் ரெண்டையும் கேக்கறேன். அக்கா, அந்த பாரத்துக்கு ஒரிஜினல் ரிப்போர்ட்டு வேணுமுங்களா, ஜெராக்ஸ் போதுமா?

பொள்ளாச்சி அக்கா:
எங்களுக்கு ஜெராக்ஸ் போதும்னாங்க, ஆனா ஒரிஜினலையும் கையில வெச்சுக்கங்க, ஒருக்கா ஒத்துப் பாப்பாங்க. ரெண்டு செட்டா எடுத்துக்க கண்ணு, காப்பீட்டு கவுண்டர்லயும் ஒண்ணு கேப்பாங்க.