பி.ஏ.வா, நர்சிங்கா? பார்த்ததும் பட்டதும்

முக்கூடல்காரன்:

நீட் மதிப்பெண் காலை வாரிவிட்ட ஆண்டு அது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சேர்க்கை முகவர், "பிசிஷியன் அசிஸ்டென்ட் படி தம்பி. பாதி டாக்டர். அப்படியே அமெரிக்கா போய்விடலாம்" என்றார். டாக்டருக்குக் கீழே உதவியாளராக வேலை பார்க்கும் படிப்பு, சுருக்கமாக பி.ஏ. சேர்ந்துவிட்டேன். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. ஊரில் "பி.ஏ." என்று சொன்னால் "எந்தப் பாடம்?" என்று கேட்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் "வரலாறு" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

வேலை பிடித்துப்போனது, அதை மறைக்க மாட்டேன். இதய அறுவைப் பிரிவில் சில ஆண்டு ஆகிறது. பைபாஸ் என்றால் சர்ஜன் நெஞ்சைப் பார்க்கும் நேரத்தில் இதய அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழியாகப் பொருத்தும் சிரையைக் காலிலிருந்து எடுப்பது என் பொறுப்பு. கணுக்காலின் உட்புறம் தொடங்கி மேலே போவேன். கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, எடுத்த குழாய்க்குள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த திரவத்தைச் செலுத்திப் பார்ப்பேன். கட்டாமல் விட்ட கிளை இருந்தால் மயிரிழை போல நீர் பீய்ச்சும். அதை அடைத்த பிறகுதான் சர்ஜன் கைக்குப் போகும். ஒருமுறை வார்டில் களக்காட்டு ஆச்சி ஒருவர், "நெஞ்சு தேவலை தம்பி, காலைத்தான் எவனோ கிழித்து வைத்திருக்கிறான்" என்றார். அந்த எவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். அங்கே பி.ஏ. உரிமத் தேர்வு எழுத, அங்கீகாரம் பெற்ற அந்நாட்டுப் படிப்பையே முடித்திருக்க வேண்டும். நம் பட்டத்தை வைத்து அந்தத் தேர்வை எழுத முடியாது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. அங்குள்ளவர்கள் மருந்துச் சீட்டே எழுதுகிறார்கள். நான் எழுதும் டிஸ்சார்ஜ் குறிப்பில் கையெழுத்து டாக்டருடையது. 1992-இல் சென்னையில் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கிவைத்த படிப்பு இது. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்த பிறகுதான் எங்கள் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

ஹைகிரவுண்ட் சிஸ்டர்:

தம்பி, உங்கள் கதையின் மறுபாதி என்னிடம் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஐ.சி.யு.வில் சில ஆண்டு, அதன் பிறகு இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் (சாதாரண நர்ஸைவிடக் கூடுதலாகச் சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்) முதுகலை இரண்டு ஆண்டு. பெரும்பாலும் நோயாளியின் கட்டிலருகில்தான் படிப்பே.

வயலில் பூச்சிமருந்து தெளித்து மயங்கிய ஒருவருக்கு விடியவிடிய அட்ரோபின் என்ற முறிவு மருந்து போய்க்கொண்டிருந்த இரவு நினைவிருக்கிறது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரைச்சல் அடங்குகிறதா, வியர்வை நிற்கிறதா, நாடி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்ன அளவுக்கு மருந்தை மாற்ற வேண்டும். அந்தப் படிப்பு என் காதுக்குள் இருக்கிறது.

முடித்து வந்தேன். மருத்துவமனைப் பட்டியலில் அப்படி ஒரு பதவியே கிடையாது. பழைய சீருடை, பழைய சம்பளம், ஸ்டாஃப் நர்ஸ். வயிறு எரிந்தது.

ஆனால் கவுன்சில் பதிவு எண் என்னிடம் உண்டு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. என் வகுப்புத் தோழிகள் இருவர் என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வை எழுதி அமெரிக்காவில் நர்ஸாகிவிட்டார்கள். ஒருத்தி அங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்குப் படிக்கிறாள். பல மாநிலங்களில் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்க்கலாமாம். என்ன, எடுத்த பிரிவிலேயே இருக்க வேண்டும். குழந்தைகள் பிரிவில் படித்துவிட்டு மனநலத்துக்குப் போக மறுபடி படிப்பு. அங்குள்ள பி.ஏ. எலும்பிலிருந்து தோலுக்குப் புதிய பட்டமில்லாமல் மாறிக்கொள்வார். அதில் மட்டும் அவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

அம்பை அப்பா:

மகளுக்காக இரண்டு விண்ணப்பமும் மேசையில் இருக்கின்றன. பி.ஏ., நர்ஸ் பிராக்டிஷனர் இரண்டுமே அமெரிக்காவில் 1965-இல் பிறந்தவை என்று படித்தேன். டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஸ்டெட் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரை வைத்து பி.ஏ.வைத் தொடங்கினார். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனரைத் தொடங்கினார்கள். நம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியும் அதே 1965-தான். இதெல்லாம் தெரிகிறது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

முக்கூடல்காரன்:

அண்ணாச்சி, நர்சிங்கிலேயே போடுங்கள். பி.ஏ.தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், பணம் கட்டுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், தியேட்டருக்குள் விடுவார்களா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஓராண்டு முழுக்க கேஸ் ஷீட்தான் எழுதினார்கள். முகவரிடம் மட்டும் கேட்காதீர்கள். என்னைச் சேர்த்தவர் இப்போது அதே தெருவில் கனடா விற்கிறார்.