ஏழடி ஹோஸ் மேல் போட்ட பழி

குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லீவு கிடைத்தால் கடலுக்கடியில் டைவிங் செய்ய, மெர்சிங் போய்த் தியோமான் தீவுக்குப் படகேறிவிடுவேன். டேங்கிலிருந்து வாய்க்கு மூச்சுக்காற்றைக் கொண்டுவரும் கருவிதான் ரெகுலேட்டர். பழசாக வாங்கிய என் ரெகுலேட்டரில் ஏழடி ஹோஸ், அதாவது 2.1 மீட்டர், மாட்டியிருந்தது. சாதாரணமாக வருவது 70, 80 சென்டிமீட்டர்தான்.

படகில் இழுத்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. 20 மீட்டர் ஆழத்தில் மூச்சு வரவே மாட்டேன் என்றது. கூட இறங்கிய அண்ணனுக்குக் கை காட்டி, மெதுவாக மேலே வந்துவிட்டோம்.

ஹோஸ் நீளம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். லயத்துக் குழாயிலிருந்து அப்பா கீரைப் பாத்திக்கு ரப்பர் டியூப் இழுப்பார். இன்னொரு டியூபை ஒட்டி நீட்டினால் கடைசியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். என் மனதில் அதுதான் இருந்தது.

"தண்ணி வேற, காத்து வேற தம்பி. மொதல்ல ஹோஸை மாத்திப் பாரு," என்றார் அண்ணன். குட்டை ஹோஸ் போட்டு மறுநாள் அதே ஆழம் இறங்கினோம். அதே இழுபறி.

அப்புறம் அண்ணன் ஹோஸுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பார்க்க ஒரு கேஜ் மாட்டினார். சும்மா இருக்கும்போது 9.5 பார் (அழுத்தத்தின் அளவு). காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தியதும் ஊசி 6க்குச் சரிந்தது. டேங்கில் பொருத்தும் வாய்க்குள் டார்ச் அடித்தார். சட்டைப் பொத்தான் அளவு வெண்கல வடிகட்டி, பச்சை பூத்துக் கிடந்தது! எப்போதோ மூடி போடாமல் கழுவியதில் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும்.

டேங்கின் 200 பாரை, டேங்கில் மாட்டும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்தாலும், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் கூடுதலாகத்தான் ஹோஸுக்குள் விடுகிறது. அந்தத் தள்ளலுக்கு 2 மீட்டர் ஒரு தூரமே இல்லை. இரண்டு மூச்சுக்கு நடுவில் ஹோஸ் முழுக்கக் காற்று நிரம்பி நிற்கும். நீளம் கூடினால் அந்த இருப்பும் கூடும். ஆனால் 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப்போல மூன்று மடங்கு காற்று டேங்கிலிருந்து வந்தாக வேண்டும். அடைத்த வடிகட்டி அங்கேதான் கைவிட்டது. படகில் எப்படித் தெரியும்?

சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்து வடிகட்டியை மாற்றினேன். ஏழடி ஹோஸையே திரும்ப மாட்டினேன். குகைக்குள் ஒருவர்பின் ஒருவராக நீந்தும்போதும் காற்றைப் பகிர்வதற்காக வந்த நீளம் அது. தியோமான் பக்கத்து ரெங்கிஸ் தீவில் அதை அண்ணன் வாயில் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய இன்னொரு வாய்த்துண்டில் மூச்சு வாங்கியபடி பின்னால் போனேன். திரும்பி ஓகே காட்டினார்.