கரிசல் மண்ணில் வீட்டுக்குப் பின்னால் குளம்: சிமெண்ட் தொட்டியா, ஷீட்டா, உறையா?

கோவில்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பின்னால் 20 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. ஒரு மூலையில் வேப்பமரம், எதிர் மூலையில் துணி துவைக்கும் கல். அங்கே சின்னதாக ஒரு குளம் வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நான் வளர்ந்தது ஊருணிக் கரையில். பள்ளிக்கூடம் விட்டதும் அல்லியைப் பறித்து, தண்டை இந்தப் பக்கம் ஒரு ஒடி, அந்தப் பக்கம் ஒரு ஒடி, நார் அறாமல் ஒடித்துக்கொண்டே வந்தால் பூ பதக்கம் மாதிரி தொங்கும். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த ஊருணி இப்போது தூர்ந்து போய்விட்டது. என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு அந்த மாலையைக் கட்டிப் போட வேண்டும்.

கொத்தனார் 8 அடிக்கு 5 அடி, 3 அடி ஆழத்தில் செங்கல் கட்டி சிமெண்ட் பூசித் தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் பள்ளம் வெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் போதும் என்கிறார். அம்மாவோ, “கரிசல் மண்ணுக்கு எதுக்குடா சிமெண்டும் ஷீட்டும், ஊருணி மாதிரி வெட்டி விடு, தண்ணி நிற்கும்” என்கிறார். கையில் முப்பதாயிரம் வரை இருக்கிறது. கொசு வருமோ என்ற பயமும் உண்டு. எதைச் செய்யலாம்?

சாத்தூர் டீச்சர்:

தம்பி, நானும் கரிசல்காட்டில்தான் இருக்கிறேன். பதினொரு வருடத்தில் மூன்று வகையும் செய்து பார்த்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டியது சிமெண்ட் தொட்டி, பங்குனி மாதத்தில். பார்க்க அவ்வளவு அழகு. ஐப்பசி மழைக்கு மண் ஊறிப் பொங்கியது. மறு சித்திரையில் மண் வாய் பிளந்தது. அந்த வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போயிற்று. அதே நேரத்தில் தொட்டியின் வடக்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. முதலில் தலைமுடி அளவு. பத்து நாளில் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். பூசினோம், திரும்ப விட்டது. திரும்பப் பூசினோம், பக்கத்தில் விட்டது. கொத்தனார் வேலையில் குறை இல்லை. ஈரத்தில் வீங்கிக் காய்ச்சலில் சுருங்குவது கரிசலின் குணம். அதன் நடுவில் விறைப்பான செங்கல் சுவரை வைத்தால் அதுதான் முறியும்.

அம்மா சொல்வதும் பொய்யில்லை. நம் ஊருணி, கண்மாய் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் ஊருணி ஏக்கர் கணக்கில் இருக்கிறது, கரை சரிவாக இருக்கிறது. 8 அடிப் பள்ளத்தில் அந்தச் சரிவுக்கு இடமில்லை, நிமிர்ந்து நிற்கும் ஓரம் சரிந்து விழும். சித்திரை வெயிலில் என் குளத்தில் வாரத்துக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் இறங்கும். அப்படி இறங்கிய இடமெல்லாம் வெடிக்கும், அடுத்து ஊற்றுகிற தண்ணீர் அந்த வெடிப்பு வழியே போய்விடும். நின்றாலும் கலங்கலாகத்தான் நிற்கும், உள்ளே ஓடும் மீன் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, பண்ணைக்குட்டைக்கு விரிப்பார்களே, அந்த 500 மைக்ரான் ஷீட் போட்ட குளம். ஷீட் மண்ணோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும், வெடிக்காது. வாங்கும்போது அளவில் ஏமாறாதீர்கள். நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழத்தைக் கூட்டி, ஓரத்துக்கு இரண்டடி சேர்க்க வேண்டும். 8க்கு 5, ஆழம் 2 என்றால் 14 அடிக்கு 11 அடி ஷீட். அடியில் வேர், கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு மூன்று அங்குலம் மணல், அதன் மேல் பழைய சாக்கு, அப்புறம்தான் ஷீட். வெயில் பட்டால் ஓரம் நொறுங்கும், அதனால் கல் அடுக்கி மறைத்துவிடுங்கள்.

இன்னொன்று கிணற்று உறை, அதாவது கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் வளையம். மூன்றடி அகலத்தில், ஓரடி உயரத்தில் இரண்டு உறையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இணைப்பைப் பூசி, அடியில் கான்கிரீட் போட்டது. தரைக்கு மேலேயே, மணல் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. மண் அசைந்தால் மொத்தமாகச் சேர்ந்து அசையும். ஆறு வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிட்டத்தட்ட 400 லிட்டர் பிடிக்கும், ஓர் அல்லிக்கும் கொஞ்சம் மீனுக்கும் தாராளம்.

ஆனால் உங்களிடம் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். அதை வைத்துத்தான் நான் முடிவு சொல்வேன். தரையோடு தரையாக இருக்கும் ஷீட் குளம் இப்போது வேண்டவே வேண்டாம். முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம், அரை அடித் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து. உறை வையுங்கள். அதிலும் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே இரண்டு அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷை, பெரிய ஆள் ஏறி நின்றாலும் வளையாதபடி கம்பிச் சட்டம் கொடுத்துப் போடுங்கள். அல்லியின் புது இலை சுருட்டிக்கொண்டுதான் மேலே வரும், அந்தக் கண் வழியாக வந்து தண்ணீருக்கு மேல் விரியும். மொட்டும் அப்படியே வரும். அவள் வளர்ந்த பிறகு ஷீட் குளம் போட்டுக்கொள்ளலாம், இடம் எங்கேயும் போகாது. மெஷ் போட்டாச்சே என்று அவளைத் தனியாகவும் விடாதீர்கள்.

கொத்தனார் மகன்:

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் சரி. அப்பாவோடு இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன் என்கிற முறையில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

அண்ணே, கரிசலில் தொட்டி கட்டவே முடியாது என்றில்லை. செங்கல் கூடாது, அவ்வளவுதான். வேண்டிய ஆழத்துக்குக் கீழேயும் நான்கு பக்கமும் ஓரடி கூடுதலாகத் தோண்டிக் கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கிராவல் கொட்டித் திம்சு போட வேண்டும், அதாவது இடித்து இறுக்க வேண்டும். அப்புறம் தரையும் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட். உங்கள் முப்பதாயிரத்துக்குள் அது அடங்காது. பாதிச் செலவில் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அடுத்த சித்திரையில் அழ வேண்டியிருக்கும்.

உறை என்றாலும் அதுவும் சிமெண்ட்தான். புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், தண்ணீர் காரமாகிவிடும். எங்கள் வீட்டில் அவசரப்பட்டு மூன்றாம் நாளே இருபது கப்பி மீன் விட்டோம். விடியற்காலையில் பார்த்தால் அத்தனையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. தங்கச்சி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, முழுக்க இறைத்துவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். இதையே மூன்று தடவை செய்யுங்கள். அப்புறம்தான் செடி. செடி வேர் பிடித்துப் புது இலை விட்ட பிறகுதான் மீன்.

இடம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். வேப்பமரத்தடி வேண்டாம். இலை உதிரும் காலத்தில் ஒரே வாரத்தில் தண்ணீர் டிக்காஷன் நிறமாகிவிடும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். துவைக்கும் கல் பக்கமும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தெறிக்கும்.

தாம்பரம் மொட்டைமாடி:

கொசுவைப் பற்றி நான் சொல்கிறேன். மாடியில் ஒன்பது தொட்டி அல்லி வைத்திருக்கிறேன். டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் எங்கள் தெருவில் முதலில் ஏறுவது என் மாடிக்குத்தான். இதுவரை அல்லித் தொட்டியில் ஒரு புழுகூட எடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தார்கள், அது செம்பருத்திச் சட்டியின் அடியில் வைத்திருந்த தட்டில்! மீன் இருக்கிற தண்ணீரில் புழு பிழைக்காது. மீன் இல்லாத தட்டு, டயர், மூடாத வாளிதான் ஆபத்து. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிடுங்கள்.

400 லிட்டருக்குப் பத்து கப்பி விட்டால் போதும், தானாகவே பெருகும். தீனி நிறையப் போடாதீர்கள், வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடாது. குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

கண்மாயில் ஊதாப்பூவோடு அழகாக இருக்கிறதே என்று வெங்காயத்தாமரையை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். ஒரு செடி போட்டேன், ஒன்றரை மாதத்தில் தண்ணீரே தெரியவில்லை.

கோவில்பட்டிக்காரன்:

டீச்சர், தம்பி, தாம்பரம் நண்பர் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கொத்தனாரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். இன்னும் இரண்டு சந்தேகம். இடம் எவ்வளவு வெயிலில் இருக்க வேண்டும்? அல்லியா, தாமரையா?

சாத்தூர் டீச்சர்:

ஐந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலை மட்டும் வரும், பூ வராது. காலை வெயில் முழுக்க விழுந்து, மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள்.

மூன்றடி உறைக்கு அல்லிதான். தாமரையின் கிழங்கு ஓடிக்கொண்டே இருக்கும், உறை முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டும். ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினில் களிமண்ணும் நன்றாக மக்கிய சாணமும் கலந்து போட்டு, கிழங்கை ஊன்றி, குருத்து வெளியே தெரியும்படி விட்டு, மேலே இரண்டு அங்குலம் மணல் பரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் நாறும். பேசினை முதலில் செங்கல் மேல் வைத்து, இலை நீள நீள ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்குங்கள். முதல் மாதம் தண்ணீர் பச்சையாகும். பயந்து மாற்றாதீர்கள், மாற்றினால் மறுபடி பச்சையாகும். இலை பாதிக்கு மேல் மூடியதும் தானே தெளியும்.

கோவில்பட்டிக்காரன்:

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். உறை வைத்தாயிற்று, மூன்று தடவை வாழைத்தண்டுத் தண்ணீர் இறைத்தாயிற்று, மெஷ் போட்டு நானே ஏறி நின்று பார்த்தாயிற்று. அம்மா தன் ஊரிலிருந்து வெள்ளை அல்லிக் கிழங்கு வாங்கி வந்தார். பதினான்கு இலை. நேற்று முதல் மொட்டு மெஷ் கண்ணுக்குள் தலையை நீட்டியிருக்கிறது. மகள் காலையில் பல் துலக்கியதும் என் கையைப் பிடித்து இழுத்துப் போய், “இன்னிக்கா, நாளைக்கா?” என்று கேட்கிறாள். எத்தனை நாளில் விரியும் டீச்சர்?

சாத்தூர் டீச்சர்:

மொட்டு தண்ணீருக்கு மேல் வந்தபின் இரண்டு மூன்று நாள். வெள்ளை நாட்டு அல்லி இரவில்தான் மலரும், மறுநாள் முற்பகல் ஏறும்போது கூம்பிவிடும். அதனால் குழந்தையை இருட்டிய பிறகு டார்ச்சோடு கூட்டிப் போங்கள். இந்த முதல் பூவை மாலைக்கு ஒடிக்க வேண்டாம், அடுத்தடுத்து வரும்.