புதுப்பிப்பு: சிலந்தி மேக்ரோ படத்தின் மங்கல் தீர்ந்தது

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் எடுத்த குதிக்கும் சிலந்திப் படத்தைப் போட்டு, லென்ஸ் துளையை எஃப்22 என்று மிகச் சிறிதாக வைத்தும் ஏன் கூர்மையாக இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பலித்தது, துளையைப் பெரிதாக்கி எஃப்11 வைக்கும் யோசனை. "மங்கல் ஓரிடத்தில் இல்லை, படம் முழுக்க ஒரே மாதிரி இருக்கு, அதனால் ஃபோகஸ் பிரச்சினை இல்லை, டிஃப்ராக்‌ஷன்" (சிறு துளையில் ஒளி வளைந்து பரவிப் படம் மங்குவது) என்று ஒருவர் பிரித்துச் சொன்னார். "சூப்பர்" என்பதைவிட இப்படி ஒரு வரி எவ்வளவோ மேல். 1:1 அளவில், அதாவது சிலந்தி சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்போது, எஃப்22 கிட்டத்தட்ட எஃப்44 போல நடந்துகொள்கிறது. எஃப்11 வைத்ததும் கண்ணைச் சுற்றியுள்ள முடிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. துளை பெரிதானதால் ஃபோகஸ் ஆழம் குறைந்து பின்கால்கள் மங்குகின்றன, அது போகட்டும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக்குவது) இங்கே சரிப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இலை ஒரு நொடி நிற்பதில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று: எஃப்11-க்கு ஃபிளாஷ் வெளிச்சம் கால் பங்கே போதும். அதனால் ஃபிளாஷ் மின்னும் நேரமும் குறைந்து, காற்றில் ஆடும் இலைகூட உறைந்து நிற்கிறது. சீக்கிரம் ரீசார்ஜும் ஆகிவிடுகிறது. ஃபிளாஷால் சிலந்தியின் முதுகில் விழும் வெள்ளைத் திட்டு மட்டும் பாக்கி. அதற்கு, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் செய்துகொண்டிருக்கிறேன்.