பதினெட்டு வயது மிஷனரியின் முதல் நாட்கள்: அனுபவப் பகிர்வு

பதிவு 1: புரோவோ, யூட்டா

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக வாசலுக்கு வந்த மோர்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை) இளைஞர்களைப் பற்றி இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். தேநீரை நீட்டியதும் அவர்கள் ஏன் தயங்கினார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். தேநீர், காபி, மது, புகையிலை ஆகியவற்றை அவர்களுடைய மதம் விலக்கியிருக்கிறது. உங்கள் மீது மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

அவர்கள் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முந்தைய வாரங்களைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். அந்த வாரங்களில் பலரும் பயிற்சி பெறும் ஊரில்தான் நாங்கள் வசிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் என் மகனோடு சேர்ந்து வளர்ந்தவன், என் சமையலறையில் உரிமையோடு எலுமிச்சை சாதம் எடுத்துப் போட்டுக்கொண்டவன். அவன் தைவானுக்கு மிஷனரியாகப் புறப்பட்டபோது அந்தக் குடும்பத்தின் பரபரப்பு முழுவதையும் அருகிலிருந்து பார்த்தேன். பிறகு வாராவாரம் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவன் அனுப்பிய மின்னஞ்சல் எனக்கும் வந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்களுடைய கொள்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, மதம் பரப்ப வந்தவர்கள் என்று மட்டும் இவர்களை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்த என்னால் முடியவில்லை.

எந்த நாடு, எந்த மொழி என்பதை இவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் போகும், பதில் வரும். பதில் வந்த அன்று மாலை பாட்டி, சித்தப்பா, பள்ளி நண்பர்கள் என்று வீடு நிறையக் கூட்டம். வெளியூரில் இருந்தவர்கள் திரையில் காத்திருந்தார்கள். அவன் வாசித்தான்: தைவான், மாண்டரின் சீன மொழி. கூச்சல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. அவனுடைய அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஆண்டுகள் அவனைப் பார்க்க முடியாது என்ற கணக்கு அப்போதே அவள் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். ஆண்களுக்கு இந்தப் பணி 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, மாதாமாதம் ஒரு தொகையைக் குடும்பம்தான் கட்டுகிறது. 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19இலிருந்து 18 ஆக்கியதிலிருந்து, பள்ளி முடித்த கையோடு புறப்படும் பிள்ளைகள் மிக அதிகம்.

2020இல் பெருந்தொற்று வந்த பிறகு, பயிற்சியின் முதல் பகுதி வீட்டிலேயே இணையவழியில் நடக்கிறது. சபையின் உள்ளூர்த் தலைவர் அவன் தலையில் கைகளை வைத்துப் பணிக்கு நியமித்த நேரத்திலிருந்து அவன் மிஷனரி. திரைப்படம் இல்லை, விளையாட்டுச் செயலிகள் இல்லை, தனியாக வெளியே போவதும் இல்லை. அந்த நாட்களில் அம்மாவும் அப்பாவும்தான் அவனுக்குத் துணை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து அவன் உட்கார்ந்திருப்பதை எங்கள் ஜன்னல் வழியே பார்ப்பேன். அவனுடைய தம்பி பின்னால் சத்தமின்றி நடந்துபோவான். நேற்று வரை அந்த மேசையில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பயிற்சி மையத்துக்குப் போகும் நாள் வந்தது. வாசாட்ச் மலையடிவாரத்தில், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு அருகே இருக்கிறது அந்த வளாகம். 1961இல், மெக்சிகோ, அர்ஜென்டினா விசாவுக்காகக் காத்துக்கிடந்த மிஷனரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சிறு ஏற்பாடு இது. 1976இல் இப்போதைய வளாகம் எழுந்தது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பிக்கிறார்கள்.

வாசலில் விடைபெறுவதற்கு நீண்ட நேரம் தருவதில்லை. கார்கள் வரிசையாக நகர்கின்றன. முன்பே வந்து சேர்ந்த மிஷனரி ஒருவர் காத்திருந்து, பெட்டியை இறக்கிக் கையில் எடுத்துக்கொள்கிறார். கட்டிப்பிடித்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் பின்னால் அடுத்த கார் வந்துவிடுகிறது. முதலில் எனக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. "நேரம் கொடுத்தால் நான் அவனைத் திருப்பிக் கூட்டி வந்திருப்பேன்" என்று அவனுடைய அம்மா சொன்னபோது காரணம் விளங்கியது.

உள்ளே போனதும் ஓய்வெல்லாம் இல்லை. பெயர் அட்டை, புத்தகங்கள், அறைச் சாவி, அன்றே வகுப்பு. அட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்கும், அதற்கு முன்னால் 'எல்டர்' என்ற பட்டம். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாரும் அழைப்பதில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே மொழி பேசும் நாட்டில் பணி முடித்துத் திரும்பிய கல்லூரி மாணவர்கள். அவனுடைய ஆசிரியை வாய் திறந்ததிலிருந்து மாண்டரின்தானாம். கை காட்டுகிறார், படம் காட்டுகிறார், முகத்தைச் சுருக்குகிறார், ஆங்கிலம் மட்டும் வருவதில்லை. சீன எழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, ரோமன் எழுத்தில் ஒலிகளையும், சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகளையும் முதலில் பழக்குகிறார்கள். காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்கு விளக்கணைப்பது வரை வகுப்பு, தனிப்படிப்பு, மறுபடி வகுப்பு. இடையில் உணவு, கொஞ்சம் உடற்பயிற்சி. "மூன்றாம் நாள் என் தலைக்குள் இரண்டு மொழிகளும் நின்றுவிட்டன. உப்பைக் கேட்கக்கூட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதை நாம் படித்திருக்கிறோம். வீரமாமுனிவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தமிழோடு வாழ்ந்தார். இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்பது வாரம். ஸ்பானிஷ் என்றால் ஆறு. அதற்குள் இலக்கணமும் வேண்டும், முன்பின் தெரியாத மனிதரிடம் கடவுளைப் பற்றிப் பேசும் துணிவும் வேண்டும்.

அதனால் பிரார்த்தனையிலிருந்தே மொழியைத் தொடங்குகிறார்கள். கடவுளை அழைப்பது, நன்றி சொல்வது, வேண்டியதைக் கேட்பது, இயேசுவின் பெயரால் முடிப்பது என்று அவர்களுடைய பிரார்த்தனைக்கு ஒரு நிலையான அமைப்பு இருக்கிறது. அதில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டால் வாக்கியம் வந்துவிடுகிறது. கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரிவதற்கு முன்பே "நான் நம்புகிறேன்" என்று அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. முதல் வாரம் முடிவதற்குள் ஓர் அறையில் 'சீனக் குடும்பஸ்தர்' ஒருவர் முன்னால் உட்காரவைத்து, இவனையும் இவனோடு இணைத்திருந்த துணை மிஷனரியையும் பேசச் சொன்னார்கள். ஆசிரியர்களில் ஒருவர்தான் அந்த வேடம் ஏற்றிருந்தார். இவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டு அவர், "உங்கள் குடும்பத்தை விட்டு ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இருவருக்கும் கேள்வி புரிந்துவிட்டது. பதில் சொல்லத்தான் மொழி இல்லை. "குடும்பம் நல்லது. கடவுள் நல்லவர். நான் அழைக்கப்பட்டேன்" என்று மூன்று சிறு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வந்ததாக எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் அவன் வாயாடி. இப்படிச் சுருக்கமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தக் கடிதத்தை அவனுடைய அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள்.

ஆனால் மொழியைவிடக் கடினமானது தனிமை கிடைக்காமல் போவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துணை மிஷனரி எப்போதும் கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறையில் மற்றவர்களும் படுத்திருப்பார்கள். இணையவகுப்பில் தோள் வரைக்கும் மட்டும் பார்த்திருந்த துணைவன் நேரில் இவனைவிட ஒரு தலை உயரம், இடாஹோ மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, அதிகம் பேசாதவன். அழ நினைத்தாலும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரவில் அந்த இடாஹோ பையன்தான் முதலில் அழுதானாம். அதன் பிறகு இருவருக்கும் நல்ல ஒட்டுதல் ஏற்பட்டுவிட்டது.

அவர்கள் வகுப்பிலிருந்த ஒரு பையன் இரண்டாம் வாரம் வீடு திரும்பிவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அப்படித் திரும்பும் பிள்ளைகள் படும் வேதனையை நான் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் எல்லோரும் அன்பாகத்தான் விசாரிப்பார்கள், அந்த விசாரிப்பே அவர்களைக் குன்றச் செய்துவிடும். பதினெட்டு வயதில் தன் உடலும் மனமும் தாங்காது என்று அறிந்து வாய்விட்டுச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! போனவனை வாழ்த்தும் அளவுக்குத் திரும்பி வந்தவனையும் வாழ்த்த வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பையனின் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசவும் செய்தார்கள்.

பதிவு 2: சின்ச்சு, தைவான்

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே முனைவர் பட்ட ஆய்வு மாணவன். சின்ச்சுவின் பல்கலைக்கழகங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஆய்வகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் ஓடிவிடுவதால் என் மாண்டரின் சந்தைக்கு மட்டும்தான் போதும்.

ஒரு மாலை, போக்குவரத்து விளக்கில் சைக்கிளோடு நின்ற மிஷனரிகள் இருவர் பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த முதியவரோடு பேச ஆரம்பித்தார்கள். விளக்கு பச்சையாவதற்குள் அவர் சிரித்துவிட்டார். தலைக்கவசத்துக்குக் கீழே இருவரின் முகத்திலும் மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. பிறகு அவர்கள் வாரந்தோறும் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பில் என் தைவான் நண்பனோடு போய் அவர்களைச் சந்தித்தேன்.

"புரோவோவில் எங்கள் மாண்டரினைப் பற்றிப் பெருமையாக நினைத்திருந்தோம். தைப்பேயில் விமானம் இறங்கியதும் யாருடைய பேச்சும் புரியவில்லை" என்றான் இளையவன். பயிற்சி மையத்தில் எல்லோரும் நிறுத்தி நிதானமாகப் பேசினார்களாம். இங்கே காலைச் சிற்றுண்டிக் கடைக்காரம்மா தைவானிய மொழியையும் கலந்து மூச்சுவிடாமல் பேசுகிறார். வந்த புதிதில் அனுபவமுள்ள ஒருவரை அவனுக்குத் துணையாகப் போட்டிருக்கிறார்கள். முதல் 12 வாரம் அப்படிப் பழக்குவது அவர்கள் வழக்கம். அந்த நாட்களில் தலையாட்டுவதும் புன்னகைப்பதும் பெயரைச் சொல்வதுமே தன் வேலையாக இருந்தது என்றான். இப்போது அந்தக் கடைக்காரம்மா அவனுக்கு முட்டை அப்பத்தைக் கேட்காமலேயே கட்டிக் கொடுக்கிறார்.

என் பங்குக்கு நான் எடுத்த முடிவு: ஆய்வகத்தில் மதிய உணவு வேளையில் மாண்டரின் மட்டுமே பேசுகிறேன். தோழர்கள் பொறுமையாகத் திருத்துகிறார்கள்.

பதிவு 3: புரோவோ, யூட்டா

தம்பி, மிக்க மகிழ்ச்சி. நம் பையனையும் நீங்கள் அங்கே எங்காவது பார்த்திருக்கலாம்.

வீட்டோடு பேசவே விடமாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரண்டு நாட்களில் மட்டும்தான் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேச அனுமதிக்கிறார்கள். துணி துவைக்க, முடி வெட்ட, கடைக்குப் போக என்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நாளில் அழைப்பான். பயிற்சி மையத்திலிருந்து வந்த முதல் அழைப்பில் அவனுடைய தம்பிதான் அதிகம் பேசினான். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உங்கள் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: சாப்பிடக் கூப்பிடுங்கள். இருவருக்குமாகச் சமையுங்கள், ஒருவன் தனியாக வரமாட்டான். மோர், எலுமிச்சைச் சாறு, பால் எல்லாம் குடிப்பார்கள். வீட்டில் பெண் மட்டும் தனியாக இருந்தால் உள்ளே வரத் தயங்குவார்கள், அது அவர்களுடைய விதி. மதம் பேச விருப்பமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; என் அனுபவத்தில் கோபித்துக்கொண்டவர் யாரும் இல்லை. ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் அவர்கள் தங்குமிடம் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் அழைப்பதானால் ஆறு மணிக்கே அழையுங்கள்.