ஹடில் இல்லாத ஈகிள்ஸ்: கண்ணைவிட்டுப் போகாத ஒரு காட்சி

இறகுப்பச்சை:

அமெரிக்கக் கால்பந்தில் நம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு 2013இல் பயிற்சியாளராக வந்து, ஆட்டக்காரர்கள் வட்டம் கூடித் திட்டம் பேசும் ஹடிலை விட்டுவிட்டு வேகமாக ஆடவைத்த சிப் கெல்லியின் காலத்தைப் பற்றிப் பேசிப் பேசி நமக்கெல்லாம் வாய் வலித்துவிட்டது என்பதை அறிவேன். ஆனாலும் 2013 செப்டம்பர் 15 அன்று மதியம், லிங்கன் ஃபைனான்ஷியல் அரங்கின் மேல் தளத்தில் உட்கார்ந்து நான் கண்ட ஒன்று இன்னமும் உறுத்துவதால் இதைத் தொடங்குகிறேன். சான் டியேகோ சார்ஜர்ஸ் வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய திங்கட்கிழமை இரவு வாஷிங்டனில் நாம் அப்படி வேகமாக ஆடி வென்றதைப் பார்த்துவிட்டு ஃபிலடெல்ஃபியாவே தரையில் கால் பாவாமல் திரிந்த வாரம் அது.

எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தொலைநோக்கியை நம் டிஃபென்ஸ் (பந்து எதிரணியிடம் இருக்கும்போது தடுத்து ஆடுபவர்கள்) உட்காரும் பெஞ்சின் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் வெளியே வந்திருந்த முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்தார். உதவியாளர் ஈரத் துண்டு ஒன்றை அவர் பிடரியில் போட்டார். நம் அஃபென்ஸ் (பந்தைக் கொண்டு முன்னேறுபவர்கள்) ஆடியது ஒரு ஓட்டம், இரண்டு தவறிய பாஸ், உடனே பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பன்ட் குழு உள்ளே ஓடியது. தவறிய பாஸுக்குக் கடிகாரமும் நின்றுவிடும் என்பதால், ஆட்டக் கணக்கில் அது ஒரு நிமிடத்தைக்கூட விழுங்கியிருக்காது. அவர் எழுந்தார், பிடரியிலிருந்த துண்டை எடுத்தார், அதை வீசி எறியாமல் நான்காக மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார்.

அன்று 60 நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழ 40 நிமிடம் பந்து சார்ஜர்ஸ் கையில் இருந்தது. நம் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) மைக்கேல் விக் 428 கெஜம் எறிந்தும், கடைசி 7 நொடி மீதமிருக்கையில் அவர்கள் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்ட் கோலால் 33-30 என்று தோற்றோம். எதிரியைக் களைப்படையச் செய்வதற்காகக் கொண்டுவந்த வேகம் நம் ஆட்களைத்தான் முதலில் களைப்பாக்கியது என்று நான் சொன்னால், நண்பர்கள் சிலர் இன்றும் என்னுடன் சண்டைக்கு வருகிறார்கள்.

பென்சில்கணக்கர்:

சண்டைக்கு வரும் அந்த நண்பர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் என் காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே பார்ப்பவன். எந்த டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), எத்தனை கெஜம் தேவை, எந்தப் பக்கம் ஓட்டம் என்று ஒரு ப்ளேவுக்கு, அதாவது பந்து விடப்பட்டு நிற்கும்வரையான ஒரு முயற்சிக்கு, ஒரு வரி எழுதுவேன். முந்தைய பயிற்சியாளர் ஆண்டி ரீட் இருந்த 14 ஆண்டுகளில் இது எனக்குச் சிரமமாகவே இருந்ததில்லை. அவர்கள் வட்டம் கூடிப் பேசிக் கலைவதற்குள் நான் எழுதி முடித்து ஒரு வாய் காபியும் குடித்துவிடுவேன். 2013 செப்டம்பர் 9 இரவு, கெல்லியின் முதல் ஆட்டத்தில், முதல் தடவை பந்து கிடைத்தபோதே வாஷிங்டன் எல்லைக்கு அருகே போய்ப் பந்து பின்பக்கமாகத் தட்டப்பட்டு, எதிரணியின் டிஏஞ்சலோ ஹால் அதை எடுத்துக்கொண்டு 75 கெஜம் ஓடிவிட்டார் அல்லவா? அதைக்கூட ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து கெடத் தொடங்குகிறது. இரண்டாம் கால் பகுதிக்கான பக்கத்தில் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது. ஓரிடத்தில் பென்சில் முனை உடைந்த கரிப் புள்ளியும், அதற்குக் கீழே பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம் என்று நான் விட்டுவைத்த ஐந்து வெற்று வரிகளும் இருக்கின்றன. அவற்றை இன்றுவரை நிரப்பவில்லை. முதல் பாதியில் மட்டும் நாம் 53 ப்ளே ஆடினோம். சில அணிகள் முழு ஆட்டத்துக்கே அவ்வளவுதான் ஆடும். நம் லெஷான் மெக்காய் அன்று 184 கெஜம் ஓடினார்.

இனி இறகுப்பச்சை அவர்களின் வாதத்துக்கு வருகிறேன். துண்டு மடித்த ஆட்டக்காரர் மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அந்த ஆண்டுதான் நாம் டிஃபென்ஸில் நான்கு பேர் முன்வரிசையை விட்டுவிட்டு மூன்று பேர் முன்வரிசைக்கு மாறினோம் என்பதையும், பழைய முறைக்கென்று எடுத்த ஆட்களை வைத்தே அதை ஆடினோம் என்பதையும் ஏன் மறக்கிறீர்கள்? அன்று சார்ஜர்ஸின் எடி ராயல் மூன்று டச்டவுன் (எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பிடித்தது நம்மவர்கள் களைத்ததாலா, அவரை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாததாலா? மேலும், நம் டெஷான் ஜாக்சன் ஒரே பாஸில் 61 கெஜம் ஓடி டச்டவுன் போட்டாலும் டிஃபென்ஸ் உடனே எழுந்து உள்ளே போகத்தான் வேண்டும். அதையும் குறை சொல்வீர்களா? 2012இல் 4 வெற்றி, 12 தோல்வி. 2013இல் 10 வெற்றி, 6 தோல்வி, பிரிவில் முதலிடம். குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் 27 டச்டவுன் எறிந்து இரண்டே இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்த ஆண்டு அது. கணக்கு இவ்வளவுதான்.

எருமையூரான்:

வேகத்தை ஃபிலடெல்ஃபியாதான் கண்டுபிடித்ததுபோலப் பேசிக்கொள்வதைப் பார்க்கையில், பஃபலோவில் படித்த எனக்குச் சற்றே சிரிப்பு வருகிறது. எங்கள் பஃபலோ பில்ஸின் குவாட்டர்பேக் ஜிம் கெல்லி (உங்கள் சிப் கெல்லி அல்ல) கோட்டருகே நின்றபடி தானே ப்ளேக்களைச் சொன்ன கே-கன் முறையைத்தான் நாங்கள் 1990இல் பார்த்தோம். அந்தக் கே என்பது கெல்லியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடிய கீத் மெக்கெல்லரின் பெயரிலிருந்து வந்தது. எங்களுக்கும் முன்னோடி சின்சினாட்டியின் பயிற்சியாளர் சாம் வைச். 1989 ஜனவரியில் அவருடைய ஹடில் இல்லாத ஆட்டத்தைப் பற்றி முறையிட்டவர்களே நாங்கள்தான். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் இருக்கையில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று லீக் அவர்களிடம் சொல்லியும், அவர்கள் எங்களை 21-10 என்று வென்றார்கள். பிறகு நாங்களே அதைக் கையில் எடுத்தோம்.

என் காட்சி 1991 ஜனவரி 27. ஒரு வாரத்துக்கு முன்புதான் ரெய்டர்ஸை 51-3 என்று நொறுக்கியிருந்தோம். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ். மூன்றாம் கால் பகுதி தொடங்கிப் பந்து ஜயண்ட்ஸ் கையில் இருந்தபோது, நான் வாஷிங் மெஷினில் போட்டிருந்த துணியை டிரையருக்கு மாற்றிவிட்டு வரலாம் என்று விடுதியின் நிலவறைக்கு இறங்கினேன். அங்கே எனக்கு முன்னால் ஒருவர் தன் துணியை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, நாணயம் போட்டு, மாடியேறி வந்து பார்த்தால், அதே ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பந்து இன்னமும் அவர்களிடம்தான். மூன்றாவது டவுன், தேவை 13 கெஜம். மார்க் இங்க்ரம் ஒரு குட்டைப் பாஸைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் நழுவி நழுவி அந்த 13 கெஜத்தை எடுத்துவிட்டார். பந்தைக் கைவிடாமல் நகர்த்திய அந்த ஒரு டிரைவ் மட்டும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடித்தது. மொத்தத்தில் 40 நிமிடத்துக்கும் மேலாக அவர்களே பந்தை வைத்திருந்தார்கள். நாங்கள் 20-19 என்று தோற்றோம். எல்லோரும் கடைசியில் வலப்பக்கம் விலகிப்போன 47 கெஜ உதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது கூடி நின்ற அந்த வட்டம்.

ஆகவே, பென்சில்கணக்கரே, இறகுப்பச்சை சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கிறது. வேகமாக ஆடும் அணியை வெல்ல வேகமாக ஆட வேண்டியதில்லை. பந்தைக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

மைய ஆட்டக்காரனின் அப்பா:

என்னுடையது ஈகிள்ஸ் கதை அன்று. என் மகன் மைய ஆட்டக்காரனாக இருந்த உயர்நிலைப் பள்ளி அணியும் அந்தக் காற்றில் அடிபட்டு ஹடிலைக் கைவிட்டது. மைதானத்தின் ஓரத்தில், சைட்லைனில், படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவற்றில் எது நிஜம், எது எதிரியை ஏமாற்றுவதற்கு என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். குவாட்டர்பேக் கைதட்டினால் மகன் பந்தைப் பின்னால் விட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று குவாட்டர்பேக் இரு கைகளையும் தொங்கவிட்டபடி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கேட்டது. மகன் பந்தை விட்டான். அது குவாட்டர்பேக்கின் தோளைத் தாண்டி உருண்டு, உருண்டு, எங்கள் எல்லைக்குள்ளேயே போய் நின்றது. கைதட்டியது எதிரணிப் பையனாக இருக்கலாம். ஆனால் அந்த மைதானத்தில் இருக்கைகள் கோட்டுக்கு மிக அருகில் இருந்தன என்பதும், அப்போது நாங்களும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தோம் என்பதும் எனக்குத் தெரியும். காரில் வீடு திரும்பும்போது மகன் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே இத்தனை பேர் வேகத்தைப் பற்றி வாதிடுவதால், அதைப் பார்க்கும் முறையைச் சொல்ல விரும்புகிறேன். தயவுசெய்து பந்தைப் பார்க்காதீர்கள். ஒரு ப்ளே முடிந்தவுடன் அஃபென்ஸ் பெஞ்சிலிருந்து யாராவது உள்ளே ஓடி வருகிறார்களா என்று முதலில் பாருங்கள். தொழில்முறை ஆட்டத்தில் அஃபென்ஸ் ஆளை மாற்றினால் டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள நேரம் தரப்பட வேண்டும். அதற்காக நடுவர் பந்தருகே நின்று ஸ்னாப்பை, அதாவது பந்து பின்னால் விடப்படுவதை, தடுப்பார். ஆள் மாறவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவேதான் வேகமாக ஆடும் அணி அதே பதினொருவரை வைத்துக்கொண்டு எதிரியின் கனத்த ஆட்களை உள்ளேயே சிறைவைக்கிறது. அடுத்து, ஒரு ப்ளேவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடும் 40 நொடிக் கடிகாரத்தில் எத்தனை மீதமிருக்கையில் பந்து விடப்படுகிறது என்று பாருங்கள். 20 மீதமிருந்தால் அது உண்மையான வேகம். எல்லோரும் ஓடி வந்து வரிசையில் நின்றுவிட்டு, குவாட்டர்பேக் சைட்லைனைப் பார்த்தபடி 5 நொடிவரை நிற்கிறார் என்றால், அது ஹடில் இல்லாத ஆட்டமே தவிர வேகமான ஆட்டம் அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. மூன்றாவதாக, ஆட்டத்தை நிறுத்துவதற்காக டிஃபென்ஸ் ஆள் யாராவது திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறாரா என்று கவனியுங்கள். நான்காவதாக, முதல் ப்ளேயில் குறைந்தது நான்கு கெஜம் கிடைக்காமல் வேகமாக ஆடுவது வீண்…

பென்சில்கணக்கர்:

ஐயா, பொறுத்தருள வேண்டும். இதை யாரும் கேட்கவில்லையே. ஆனால் ஹடில் இல்லாததும் வேகமானதும் வேறு வேறு என்ற கருத்தை ஏற்கிறேன். என் நோட்டில் இனி இரண்டுக்கும் தனித்தனிக் குறி போடுகிறேன்.

எருமையூரானுக்கு: 2013இல் பந்தை வைத்திருந்த நேரத்தில் நாம் லீகிலேயே கடைசி. அப்படியிருந்தும் பிரிவை வென்றோம். அதை எப்படி விளக்குவீர்கள்?

இறகுப்பச்சை:

அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொண்டு விளக்கலாம். 2014இலும் பத்து வென்றோம், ஆனால் தோற்றால் வெளியேற வேண்டிய ப்ளே-ஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. 2015 டிசம்பரில், இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருக்கையில், கெல்லியை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ஜாக்சனும் மெக்காயும் போயிருந்தார்கள் என்பது வேறு கதை என்று சொல்வீர்கள்; வேறு கதையே அன்று.

பக்கத்து இருக்கை:

எனக்கு மூன்று பேர் முன்வரிசையும் நான்கு பேர் முன்வரிசையும் இன்றும் குழப்பம்தான். தெரிந்தவரைக்கும் கற்றுக்கொடுத்தவர் என் பக்கத்து இருக்கைப் பெரியவர். பழைய வெட்டரன்ஸ் அரங்கக் காலத்திலிருந்தே சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். 2011இல் நான் முதன்முதலாகப் போனபோது, ஆட்டக்காரர்கள் வட்டம் கூடும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் சாய்ந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். கார்டு என்பவரின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது பார், இப்போது ஓட்டம்தான் வரும், என்பதுபோல. அந்த வட்டத்தின் அளவுதான் எங்கள் பேச்சின் அளவு.

2013இல் அவர் பேச்சு பாதியிலேயே நின்றுவிடத் தொடங்கியது. வாயைத் திறப்பார், பந்து போய்விடும், மூடிக்கொள்வார். சிறிது நாளில் திறப்பதையும் விட்டுவிட்டார். டெட்ராய்ட் லயன்ஸ் வந்த டிசம்பர் 8 அன்று பனி கணுக்காலுக்கு மேல் விழுந்ததல்லவா? அன்று யாராலும் ஓட முடியவில்லை. அவர் பழையபடி பேசினார். எங்கே போகப்போகிறோம் என்று தடுத்துத் தள்ளுபவனுக்குத் தெரியும், எதிரே நிற்பவனுக்குத் தெரியாது, ஆகவே வழுக்கும் தரை நமக்குத்தான் சாதகம் என்றார். மெக்காய் 217 கெஜம் ஓடினார். நான் பார்த்தவற்றிலேயே மகிழ்ச்சியான ஆட்டம் அது.

2014 ஜனவரி 4, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுடன் ப்ளே-ஆஃப். நான்காம் கால் பகுதியில் நாம் முன்னேறிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று என் பக்கம் சாய்ந்து, “1981 ஜனவரியில் சூப்பர் பௌலுக்காக நான் நியூ ஆர்லியன்ஸ் போயிருந்தேன். அங்கே என் தம்பி…” என்று தொடங்கினார். அதற்குள் பந்து விடப்பட்டுவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டோம், கொஞ்ச நேரத்தில் டச்டவுன், கூச்சல். 24-23. பிறகு கடைசி நொடியில் அவர்கள் உதைத்து 26-24 என்று முடித்துவிட்டார்கள். அவர் கையுறையைக் கழற்றி எனக்குக் கைகொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அடுத்த ஆண்டு அந்த இருக்கையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு அங்கே என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

பென்சில்கணக்கர்:

அம்மா, என் நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அந்த டச்டவுனுக்குப் பிறகு 4 நிமிடம் 54 நொடி மீதமிருந்தது. செயின்ட்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை ஓடவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து வந்தார்கள். அன்றிரவின் மற்றப் பக்கங்களைவிட அந்தப் பக்கத்தில் என் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. கேட்பதற்கு நேரம் இருந்திருக்கிறது.

பக்கத்து இருக்கை:

இருந்தது, ஐயா. ஆனால் அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.